ஆயிரம் கடிதங்கள், ஒரே கோப்பு

கணினி மெதுவாகிவிட்டது என்றோ வைரஸ் புகுந்துவிட்டது என்றோ பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனால், "சி டிரைவில் முக்கியமா ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்பார். நாமும் யோசித்து, டெஸ்க்டாப்பில் சில படங்கள், மை டாக்குமெண்ட்ஸில் சில கோப்புகள் என்போம். அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு ஃபார்மட் அடித்துவிடுவார். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பலருடைய பல ஆண்டு மின்னஞ்சல்கள் இப்படித்தான் போயின. அன்று பரவலாக இருந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸ் அஞ்சல்களை மை டாக்குமெண்ட்ஸில் வைக்கவில்லை. 'டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்', அதற்குள் பயனர் பெயர், அதற்குள் 'லோக்கல் செட்டிங்ஸ்', அதற்குள் 'அப்ளிகேஷன் டேட்டா', பிறகு 'ஐடென்டிட்டீஸ்', பிறகு நெளிவு அடைப்புக்குறிக்குள் ஒரு நீண்ட எண், பிறகு 'மைக்ரோசாஃப்ட்', அதற்கும் உள்ளே ஒரு ஃபோல்டரில் வைத்தது. வழியில் வரும் 'லோக்கல் செட்டிங்ஸ்' இயல்பாகவே மறைந்திருக்கும். கடையில் இருந்தவர் தேடியிருந்தாலும் எளிதில் கண்ணில் பட்டிருக்காது.

இதில் கடைக்காரரையோ வாடிக்கையாளரையோ குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மென்பொருள் திரையில் இன்பாக்ஸ் என்ற பட்டியலைக் காட்டியது. அந்தப் பட்டியலுக்குப் பின்னால் வட்டில் என்ன இருக்கிறது என்பதைக் காட்டவே இல்லை. ஒரு பொருள் எங்கே இருக்கிறது, என்ன வடிவில் இருக்கிறது என்று தெரியாமல் அதைப் பாதுகாக்க முடியாது. ஆகவே பேக்கப் எடுப்பது எப்படி என்பதற்கு முன், மின்னஞ்சல் வட்டில் எந்த உருவில் கிடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

தண்டர்பேர்டை எடுத்துக்கொள்கிறேன். 2004 டிசம்பரில் முதல் முழுப் பதிப்பு வெளிவந்த இந்த இலவச மென்பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது; தன் உள்ளமைப்பை ஒளிப்பதும் இல்லை. உதவி மெனுவில் 'டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' என்ற பக்கத்தைத் திறந்தால் 'புரொஃபைல் ஃபோல்டர்' என்று ஒரு வரி இருக்கும். அதன் பக்கத்துப் பொத்தானை அழுத்தினால், பெயரின் முற்பகுதியில் பொருளற்ற எட்டு எழுத்துகள் கொண்ட ஒரு ஃபோல்டர் திறக்கும். உங்கள் அஞ்சல் வாழ்க்கை முழுவதும் அதற்குள் இருக்கிறது. 'மெயில்', 'இமேப்மெயில்' என்ற உள்ஃபோல்டர்களுக்குப் போனால் 'இன்பாக்ஸ்' என்றே ஒரு கோப்பு தெரியும். ஃபோல்டர் அல்ல, கோப்பு. பெயருக்குப் பின்னால் புள்ளியோ நீட்சியோ இருக்காது. பக்கத்திலேயே அதே பெயரில், எம்.எஸ்.எஃப். என்ற நீட்சியுடன் இன்னொன்று இருக்கும்.

நீட்சியில்லாத கோப்பை நோட்பேட் போன்ற ஒன்றில் திறந்து பாருங்கள் (ஒரு பிரதியை எடுத்துத் திறப்பது நல்லது). முதல் கடிதம், அது முடிந்த இடத்தில் இரண்டாவது, அடுத்து மூன்றாவது என்று இன்பாக்ஸில் உள்ள அத்தனையும் ஒரே நீண்ட உரையாக ஓடும். இந்த வடிவத்துக்கு எம்பாக்ஸ் என்று பெயர். 1970களின் யூனிக்ஸ் கணினிகளில் பிறந்தது. புதுக் கடிதம் வந்தால் கோப்பின் கடைசியில் ஒட்டு, அவ்வளவுதான் அதன் விதி. ஒரு கடிதம் எங்கே தொடங்குகிறது என்பதை அறிய, வரியின் தொடக்கத்தில் 'ஃப்ரம்' என்ற நான்கு எழுத்து ஆங்கிலச் சொல்லும் ஓர் இடைவெளியும் இருக்கிறதா என்று மென்பொருள் பார்க்கும்.

கடிதம் எழுதியவரே ஒரு வரியை அந்தச் சொல்லில் தொடங்கிவிட்டால்? மென்பொருள் அதைப் புதுக் கடிதத்தின் தலை என்று நினைத்து அங்கேயே இரண்டாக வெட்டிவிடும். அதற்காகவே சேமிக்கும்போது அந்த வரிக்கு முன்னால் பெரிது-குறி ஒன்றைச் செருகும் வழக்கம் வந்தது. பழைய ஆங்கில மின்னஞ்சல்களில் காரணமே இல்லாமல் ஒரு வரியின் முன்னால் அந்தக் குறி நிற்பதைக் கண்டிருந்தால், அது சேமிப்பு வடிவம் உரையின்மேல் விட்டுப்போன தழும்பு. அதைத் திரும்ப நீக்க வேண்டுமா, வேண்டாமா என்பதில் மென்பொருள்களுக்குள் ஒற்றுமை இருந்ததில்லை. எம்பாக்ஸ் என்ற ஒரே பெயருக்குள் சற்றே மாறுபட்ட பல வகைகள் உலவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பக்கத்தில் இருக்கும் எம்.எஸ்.எஃப். வெறும் அட்டவணை. எந்தக் கடிதம் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது, தலைப்பு என்ன, யார் அனுப்பியது என்பன அதில் இருக்கும். பெரிய கோப்பை ஒவ்வொரு முறையும் தலையிலிருந்து படிக்காமல் பட்டியலை உடனே காட்ட இது உதவுகிறது. அழிந்துபோனால் தண்டர்பேர்டே பெரிய கோப்பைப் படித்து மீண்டும் கட்டிக்கொள்ளும். பேக்கப்பில் இது விடுபட்டால் கவலையில்லை. எதிர்த்திசையில் நடந்தால்தான் ஆபத்து: கடிதக் கோப்பு போய் அட்டவணை மட்டும் மிஞ்சினால், யார் எப்போது எழுதினார்கள் என்று தெரியும், என்ன எழுதினார்கள் என்பது போயிருக்கும்.

அழிப்பது இந்த வடிவத்தில் எப்படி நடக்கிறது என்பது சுவையான பகுதி. நடுவிலிருக்கும் ஒரு கடிதத்தை நிஜமாகவே நீக்க வேண்டுமென்றால் அதற்குப் பின்னால் உள்ள அனைத்தையும் முன்னால் நகர்த்தி எழுத வேண்டும். இரண்டு ஜிபி கோப்பில் ஒவ்வொரு டெலீட்டுக்கும் அப்படிச் செய்தால் கணினி திணறிப்போகும். எனவே தண்டர்பேர்டு, பேரேட்டில் தவறான பதிவின்மேல் கோடு இழுப்பதுபோல் குறி மட்டும் போடுகிறது. ஒவ்வொரு கடிதத்தின் தலைப்பகுதியிலும் 'எக்ஸ்-மொஸில்லா-ஸ்டேட்டஸ்' என்று ஒரு வரி உண்டு. அதில் நான்கு இலக்கங்கள். படித்த கடிதம் என்றால் 0001. அதை அழித்தால் 0009 ஆகிறது. படித்ததற்கு 1, அழித்ததற்கு 8. வரியின் நீளம் மாறுவதில்லை, அதனால் வேறெதையும் நகர்த்த வேண்டியதில்லை. குப்பைத்தொட்டிக்குப் போனதாகத் திரையில் தெரியும் கடிதம், உண்மையில் 'டிராஷ்' என்ற மற்றொரு எம்பாக்ஸ் கோப்பில் புதிதாக எழுதப்பட்டிருக்கும். பழையதும் இன்பாக்ஸ் கோப்பில் அப்படியே கிடக்கும்.

'காம்பாக்ட்' என்ற கட்டளை வரும்போதுதான் குறியிட்டவை நிஜமாக நீங்குகின்றன. குறியில்லாதவற்றை மட்டும் புதிய கோப்பில் எழுதி, அதைப் பழையதன் இடத்தில் வைக்கும். அதுவரை, தவறுதலாக அழித்த கடிதத்தை உரைத்தொகுப்பானில் திறந்து அந்த இலக்கங்களை 0000 ஆக்கி, அட்டவணைக் கோப்பை நீக்கிவிட்டு மென்பொருளைத் திறந்தால் கடிதம் திரும்ப வந்துவிடும். ஆகவே முக்கியமான அஞ்சல் காணாமல்போனால் நான் சொல்லும் முதல் வார்த்தை: காம்பாக்ட் செய்துவிடாதீர்கள், தண்டர்பேர்டை மூடிவிட்டு அந்த ஃபோல்டரை அப்படியே காப்பி எடுங்கள்.

எல்லாக் கடிதமும் ஒரே கோப்பில் இருப்பதற்கு இன்னொரு விலையும் உண்டு. ஏதோ ஒரு கடிதத்தின் இணைப்பில் வைரஸ் இருப்பதை ஆன்டிவைரஸ் மென்பொருள் கண்டுபிடிக்கிறது. அதற்குத் தெரிந்தது கோப்புகள்தான், கடிதங்கள் அல்ல. தொற்றுள்ள கோப்பைத் தனிமைப்படுத்துகிறேன் என்று முழு இன்பாக்ஸையும் தூக்கிக்கொண்டு போய்விடும். இதைத் தவிர்க்கவே, வரும் கடிதத்தை முதலில் தனிக் கோப்பாக எழுதிப் பிறகு சேர்க்கும் ஒரு விருப்பத்தைத் தண்டர்பேர்டின் அமைப்புகளில் வைத்திருக்கிறார்கள். 1990களின் நடுவில் டேனியல் பெர்ன்ஸ்டைன் தன் க்யூமெயில் மென்பொருளுக்காக உருவாக்கிய மெயில்டிர் என்ற வடிவம் இந்தச் சிக்கலை வேரோடு தீர்த்தது: ஒரு கடிதத்துக்கு ஒரு கோப்பு. பேக்கப் எடுப்பவரின் கண்ணோட்டத்தில் எனக்கு அதுவே பிடிக்கும். ஆனாலும் தண்டர்பேர்டில் இயல்பாக அமைவது எம்பாக்ஸ்தான்; நாம் வாழவேண்டியது அதனுடன்.

பேக்கப் எடுப்பவருக்கு இதனால் என்ன சிக்கல்? தினமும் மாறியதை மட்டும் பிரதியெடுக்கும் சாதாரண மென்பொருள், கோப்பின் தேதி மாறியிருக்கிறதா என்று பார்க்கும். பத்து வரிக் கடிதம் ஒன்று வந்தாலும் மூன்று ஜிபி இன்பாக்ஸின் தேதி மாறிவிடும். மூன்று ஜிபியும் மறுபடி பிரதியாகும். வீட்டு இணைப்பின் வழியே வேறோர் ஊரிலிருக்கும் கணினிக்கு அனுப்புகிறீர்கள் என்றால் இது பெரிய சுமை.

கோப்பைச் சம அளவுத் துண்டுகளாக்கி, மாறிய துண்டை மட்டும் அனுப்பினால் என்ன? கடைசியில் ஒட்டும்போது சரிவரும். காம்பாக்ட் செய்தால் குழப்பம். தொடக்கத்திலிருந்த ஒரு கடிதம் நீங்கினால் அதற்குப் பிந்தைய ஒவ்வொரு பைட்டும் இடம் மாறிவிடும். நேற்றைய நூறாவது துண்டும் இன்றைய நூறாவது துண்டும் ஒத்துப்போகா. உள்ளடக்கம் கிட்டத்தட்ட ஒன்றே, ஆனால் எல்லாமே புதிது என்று தோன்றும்.

இதற்கு விடை கான்பெராவில் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மெக்கராஸ் இருவரும் 1996இல் வெளியிட்ட ஆர்சிங்க் என்ற நிரல் அது. பழைய பிரதி வைத்திருக்கும் கணினி, தன் கோப்பைத் துண்டுகளாக்கி ஒவ்வொன்றுக்கும் இரண்டு அடையாள எண்களை அனுப்பும். ஒன்று கணக்கிட எளிது, ஆனால் அவ்வளவு நம்பகமானதல்ல. மற்றது கணக்கிட நேரமாகும், நம்பலாம். புதிய கோப்பு உள்ள கணினி, அந்தத் துண்டுகள் தன் கோப்பில் எந்த இடத்தில் இருந்தாலும் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு பைட்டிலிருந்தும் தொடங்கிப் பார்க்க வேண்டும். மூன்று ஜிபி கோப்பில் முந்நூறு கோடித் தொடக்கங்கள்; ஒவ்வொன்றுக்கும் முழுத் துண்டையும் படித்தால் முடியாத காரியம்.

அவர்கள் கையாண்ட கணக்கின் அழகு இங்கேதான். நான்கு பைட் துண்டு என்று சுருக்கிக்கொள்வோம். மதிப்புகள் 3, 7, 2, 5. கூட்டினால் 17. அடுத்த பைட் 6 என்றால், ஓரிடம் தள்ளிய துண்டு 7, 2, 5, 6. அதன் கூட்டலை மறுபடி தொடங்க வேண்டியதில்லை. 17இலிருந்து வெளியேறிய 3ஐக் கழித்து நுழைந்த 6ஐக் கூட்டினால் 20. துண்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒரு கழித்தலும் ஒரு கூட்டலும் போதும். ஆர்சிங்க் இதோடு, வரிசை மாறினால் மதிப்பும் மாறும்படி இன்னொரு கூட்டலையும் சேர்க்கிறது. இந்த உருளும் எண் எங்கே பொருந்துகிறதோ அங்கே மட்டும் நம்பகமான எண்ணைக் கணக்கிட்டு உறுதிசெய்துகொள்கிறது. காம்பாக்ட் செய்த இன்பாக்ஸில் இடம் மாறிய துண்டுகளை இது கண்டுகொள்ளும்; புதிதாக வந்த சில பக்கங்களே கம்பியில் பயணிக்கும். போர்க், ரெஸ்டிக் போன்ற இன்றைய பேக்கப் நிரல்கள் இதே உருளும் எண் உத்தியை வேறு விதமாகப் பயன்படுத்துகின்றன. துண்டை எங்கே வெட்டுவது என்பதையே உள்ளடக்கம் தீர்மானிக்கும்படி விடுகின்றன. அதனால் முன்னால் ஏதாவது நீங்கினாலும் பின்னால் உள்ள வெட்டுகள் உள்ளடக்கத்தின் அதே இடங்களிலேயே விழுகின்றன.

அலுவலகங்களில் பரவலான அவுட்லுக்கின் கதை வேறு. அதன் பி.எஸ்.டி. கோப்பில் கடிதம், முகவரி, நாட்காட்டி எல்லாம் ஒரு தரவுத்தளமாகப் பின்னியிருக்கும். நோட்பேடில் திறந்தால் எதுவும் புரியாது. அவுட்லுக் 2002 வரை அந்தக் கோப்பின் எல்லை 2 ஜிபி. உள்ளே இடங்களைக் குறிக்க 32 பிட் எண்களையே பயன்படுத்தியதால் வந்த சுவர் அது. அதை முட்டியவர்களின் கோப்பு திறக்காமல் போனது. மைக்ரோசாஃப்ட் கொடுத்த மருந்து, கோப்பின் வாலைக் குறிப்பிட்ட அளவு வெட்டும் ஒரு கருவி. வெட்டுப்பட்ட பகுதியில் இருந்தவை போனவைதான். 2003 பதிப்பில் எல்லை 20 ஜிபிக்கு ஏறியது, 2010இல் 50க்கு. இதே மென்பொருளின் ஓ.எஸ்.டி. என்ற இன்னொரு கோப்பை பி.எஸ்.டி. என்று நினைத்து எடுத்துவைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதைக்கிறது. ஓ.எஸ்.டி. சர்வரின் தற்காலிகப் பிரதி. அந்தக் கணக்கோடும் அந்தக் கணினியோடும் கட்டப்பட்டது. வேறு கணினிக்குக் கொண்டுபோய் அவுட்லுக்கில் நேரடியாகத் திறக்க முடியாது. அதிலிருப்பது வேண்டுமென்றால் கணக்கு உயிரோடு இருக்கும்போதே, ஏற்றுமதிக் கட்டளையால் பி.எஸ்.டி. ஆக்கிக்கொள்ள வேண்டும்.

"என் அஞ்சல்தான் சர்வரிலும் இருக்கிறதே, கணினியிலும் இருக்கிறதே, இரண்டு பிரதி ஆகிவிட்டதல்லவா?" என்று கேட்பார்கள். பாப் முறையில் ஓரளவுக்குச் சரி. அது கடிதத்தை இறக்கிக்கொள்ளும். சர்வரில் விடுவதா நீக்குவதா என்று நாம் சொல்லலாம். 1986இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிறிஸ்பின் தொடங்கிய இமேப் முறையின் நோக்கமே வேறு. சர்வரில் உள்ளதுதான் அஞ்சல்பெட்டி. கணினியில் இருப்பது அதன் நிழல். சர்வரில் ஒரு கடிதம் அழிந்தால், அடுத்த முறை இணையும்போது கணினியிலும் அழியும். ஒத்திசைவு தன் வேலையைச் சரியாகச் செய்யும்போதே இழப்பையும் சரியாகப் பரப்பும். போதாக்குறைக்கு, 'இந்தக் கணினியில் வைத்திரு' என்ற விருப்பம் தேர்வாகியிருக்காவிட்டால் கடிதங்களின் முழு உடல் வட்டில் இருக்காமலும் போகலாம். பாதுகாக்க வேண்டியவற்றைத் தண்டர்பேர்டின் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' பகுதிக்குக் காப்பி செய்தால், அது சர்வரோடு தொடர்பில்லாத தனிக் கோப்பாகிவிடும்.

பெரிய நிறுவனங்களுக்கும் இதிலிருந்து விலக்கில்லை. 2011 பிப்ரவரி இறுதியில் ஜிமெயில் பயனர்களில் சிலர் உள்ளே நுழைந்தபோது பெட்டி காலியாக இருந்தது. மொத்தப் பயனர்களில் 0.02 சதவீதம் என்றது கூகுள். ஒவ்வொரு கடிதத்துக்கும் பல தரவு மையங்களில் பிரதிகள் இருந்தன. சேமிப்பு மென்பொருளின் புதுப்பிப்பில் இருந்த பிழை அந்தப் பிரதிகளையும் சேர்த்தே பாதித்தது. காப்பாற்றியது காந்த நாடா. இணைப்பில் இல்லாமல் தனியே கிடந்ததால் பிழையால் அதைத் தொட முடியவில்லை. நாடாவிலிருந்து மீட்க நேரம் பிடித்தது, ஆனால் கடிதங்கள் திரும்பின. வீட்டில் இதற்கு இணையானது, பேக்கப் முடிந்ததும் கழற்றி அலமாரியில் வைக்கும் வெளி ஹார்ட் டிஸ்க். எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்க்கை, கணினிக்குள் நுழைந்த ரான்சம்வேர் சேர்த்தே பூட்டிவிடும்.

எடுக்கும் முறையில் சொல்லவேண்டியது குறைவு. தண்டர்பேர்டை முழுதாக மூடுங்கள். திறந்திருக்கும்போது எடுத்தால் பாதி எழுதிய நிலையில் கோப்பு பிரதியாகலாம். புரொஃபைல் ஃபோல்டரை முழுமையாக எடுங்கள்: கடிதங்களோடு முகவரிப் புத்தகம், வடிகட்டி விதிகள், கணக்கு அமைப்புகள் எல்லாம் வந்துவிடும். ஏற்றுமதிக் கட்டளையும் உண்டு, 2 ஜிபிக்கு மேல் போனால் அது உதவாது, கையால்தான் எடுக்க வேண்டும். சேமித்த பாஸ்வேர்டுகளும் அந்த ஃபோல்டரில்தான் இருக்கின்றன என்பதை மறக்கக் கூடாது. அவற்றைப் பூட்டும் பிரைமரி பாஸ்வேர்டு வைக்காதவரின் பேக்கப் யார் கைக்குப் போனாலும் அவர் அவற்றைப் படித்துவிடலாம். பென் டிரைவில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிவதற்கு முன் குறியாக்கம் செய்துவிடுங்கள். பிறகு வேறொரு கணினியில் தண்டர்பேர்டு நிறுவி, எடுத்த கோப்புகளில் ஒன்றை லோக்கல் ஃபோல்டர்ஸில் போட்டுத் திறந்து, நடுவிலிருந்து ஒரு கடிதத்தையும் அதன் இணைப்பையும் திறந்து பாருங்கள். கோப்பின் அளவு சரியாக இருக்கிறது என்பது சாட்சியாகாது.

தமிழில் எழுதியவர்களுக்கு இன்னொரு படி இருக்கிறது. பேக்கப் செய்த எம்பாக்ஸில் ஒரு தமிழ்ச் சொல்லை உரைத்தொகுப்பானில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. பழைய அஞ்சல் நெறிமுறை 7 பிட் எழுத்துகளுக்காக அமைந்தது என்பதால், தமிழ் உரையும் படங்களும் வெறும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக உருமாறிச் சேமிக்கப்படுகின்றன. இந்த உருமாற்றத்தில் மூன்று பைட் நான்காகிறது, அதனால்தான் 3 எம்பி படம் இன்பாக்ஸில் 4 எம்பிக்கு மேல் பிடிக்கிறது. இது யூனிகோடு கடிதங்களைப் பற்றியது; மென்பொருள் திறந்தால் தமிழ் வந்துவிடும்.

1990களின் பிற்பகுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் சென்னை, கொழும்பு, சிங்கப்பூர், டொராண்டோ என்று தமிழர்கள் எழுதிய பல கடிதங்கள் அப்படி இல்லை. டிஸ்கி, டாப், டாம், பாமினி என்று ஆளுக்கொரு குறியீடு. டிஸ்கியில் 'கோ' என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இரட்டைக்கொம்பு, ககரம், கால் என்று மூன்று பைட்டாகப் பதியும். யூனிகோடில் முதலில் ககரம், பிறகு ஓகாரக் குறி. கடிதத்தின் தலைப்பகுதியோ பல நேரம் 'இது மேற்கு ஐரோப்பிய எழுத்து' என்று சொல்லியிருக்கும், அன்றைய மென்பொருளுக்கு வேறு பெயர் தெரியாது. அந்தக் கணினியில் உரிய எழுத்துரு இருந்ததால் படிக்க முடிந்தது. இன்று பைட்டுகள் ஒன்றுகூடக் குறையாமல் கோப்பை மீட்டாலும் திரையில் வருவது, தலையில் குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகளின் கூட்டம்.

அவை தொலையவில்லை. குறியீடு எதுவென்று தெரிந்தால் யூனிகோடுக்கு மாற்றும் நிரல்கள் இருக்கின்றன. ஒரே பெட்டியில் பல குறியீடுகள் கலந்திருக்கும் என்பதால் கடிதம் கடிதமாகப் பிரித்தே மாற்ற வேண்டும். தவறான குறியீட்டை ஊகித்து மாற்றிச் சேமித்துவிட்டால் திரும்பும் வழி அடைபட்டுவிடும். அதனால் பழைய எம்பாக்ஸை ஒரு பைட்டும் தொடாமல் வைத்துக்கொண்டு, மாற்றிய பிரதியை வேறு பெயரில் பக்கத்தில் வையுங்கள். அன்று பயன்படுத்திய எழுத்துருக் கோப்பு பழைய வட்டில் எங்காவது கிடைத்தால் அதையும் அதே ஃபோல்டரில் சேர்த்துவிடுங்கள்.